மடை உடைந்த இடம் எது? தண்டுவட ரத்தக்குழாய் நோய்களைக் காட்டும் படங்கள்

தண்டுவடம், மூளையின் அடியிலிருந்து முதுகெலும்பின் உள்ளே இறங்கும் நரம்புத் திசு. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தடிமன் சுண்டுவிரல் அளவு. முதுகெலும்பின் கடைசிவரை அது போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகே கூம்பாகக் குறுகி முடிந்துவிடுகிறது. கை கால் அசைவு, தொடு உணர்ச்சி, சிறுநீர் மலக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி போய்வரும் வழி இது ஒன்றுதான். இத்தனை முக்கியமான உறுப்புக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பலவும் தையல் நூல் தடிமனைத் தாண்டாதவை.

இந்தக் குழாய்களில் மூன்று விதமான கோளாறுகள் வரலாம். குழாய் அடைபட்டு ரத்தம் நின்றுபோவது ஒன்று. குழாய் கசிந்து ரத்தம் வெளியே தேங்குவது இன்னொன்று. தமனியும் சிரையும் சேரக்கூடாத இடத்தில் நேரடியாக இணைந்துகொள்வது மூன்றாவது. மூன்றிலும் நோயாளி சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான்: கால் பலவீனம், மரத்துப்போதல், முதுகுவலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம். டிஸ்க் விலகல், தண்டுவட அழற்சி, கட்டி ஆகியவையும் இதே தொல்லைகளைத் தரும். இவற்றைப் பிரித்துச் சொல்ல மருத்துவரின் பரிசோதனை மட்டும் போதாது, படம் வேண்டும். எந்தப் படம், எந்த இடத்தில், எந்த வரிசையில் என்பதில்தான் இந்தத் துறையின் சூட்சுமம் இருக்கிறது.

ரத்தம் வரும் வழியும் வடியும் வழியும்

தண்டுவடத்தின் நெடுக மூன்று தமனிகள் ஓடுகின்றன. முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் இரண்டு. முன்தமனி தண்டுவடத்தின் முன்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு ரத்தம் தருகிறது; பின்தமனிகள் மீதி ஒரு பங்கைக் கவனிக்கின்றன. முன்தமனி, தண்டுவடத்தின் மேல்முனையில் முதுகெலும்புத் தமனிகளின் இரண்டு கிளைகள் சேர்ந்து உருவாகிறது. ஆனால் அங்கே கிடைக்கும் ரத்தம் அடிவரை போதாது. வழியில் ஆங்காங்கே கிளைகள் வந்து சேர்ந்து அதை நிரப்புகின்றன. இந்தக் கிளைகள் பெருந்தமனியிலிருந்து விலா எலும்புகளின் ஊடேயும் இடுப்புப் பகுதியிலும் பிரியும் குழாய்களிலிருந்து வருகின்றன.

கருவில் இருக்கும்போது ஒவ்வொரு நரம்பு வேருக்கும் இப்படி ஒரு கிளை உண்டு. வளர வளரப் பெரும்பாலானவை சுருங்கிவிட, முன்தமனிக்கு உணவூட்டும் கிளைகள் சிலவே எஞ்சுகின்றன. அவற்றில் பெரியது போலந்து நாட்டு நோயியல் அறிஞர் ஆல்பர்ட் ஆடம்கீவிச் 1880களின் தொடக்கத்தில் விவரித்தது. இன்றும் அவர் பெயரால் ஆடம்கீவிச் தமனி என்றே அழைக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது இடதுபக்கம், மார்பு முள்ளெலும்புகளின் கீழ்ப்பகுதியில் உள்ளே நுழைகிறது. மேலே ஏறி, கொண்டையூசி போல வளைந்து, முன்தமனியோடு சேர்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தக் குழாயைப் படத்தில் அடையாளம் காண்பது, சிகிச்சைக்கு முன் செய்யவேண்டிய முதல் கடமைகளில் ஒன்று. அதைத் தெரியாமல் அடைத்துவிட்டால் இரண்டு கால்களும் செயலிழந்துபோகலாம்.

வடியும் வழி இதற்கு நேர்மாறானது. தண்டுவடத்தின் பரப்பில் உள்ள சிரைகள் ரத்தத்தைச் சேர்த்து, நரம்பு வேர்களோடு வெளியே செல்லும் சிரைகளில் விடுகின்றன. அங்கிருந்து முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலைக்கு ரத்தம் போகிறது. கால் சிரைகளில் இருப்பதுபோல இந்தச் சிரைகளின் நெடுகிலும் வால்வுகள் வரிசையாக இல்லை. வெளியே அழுத்தம் ஏறினால் அது உள்ளேயும் எளிதில் பரவும். பின்னால் சொல்லப்போகும் ஒரு நோய்க்கு இந்த அமைப்பே அடிப்படை.

நிழலிலிருந்து காந்தத்துக்கு

ரான்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது, தண்டுவடத்தைக் காட்டவில்லை. 1921இல் பிரான்ஸில் சிகார், ஃபாரஸ்டியே என்ற இரு மருத்துவர்கள், அயோடின் சேர்த்த கசகசா எண்ணெயைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்தில் செலுத்திப் படமெடுத்தனர். எண்ணெய் வெண்மையாகத் தெரிய, அதன் நடுவே தண்டுவடம் நிழலாகத் தெரிந்தது. மைலோகிராம் எனப்படும் இந்தப் படத்தில் சில நோயாளிகளுக்கு மண்புழு நெளிவதுபோன்ற கோடுகள் தென்பட்டன. அவை வீங்கிய சிரைகள். சிரை ஏன் வீங்கியது என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியவில்லை.

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளில் சாயமருந்து செலுத்திப் படமெடுத்தார். ரத்தக்குழாய்களைக் காட்டும் இந்தப் படம்தான் ஆஞ்சியோகிராம். 1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர், தமனியை அறுக்காமல் ஊசியும் வழிகாட்டிக் கம்பியும் கொண்டு கதீட்டர் எனப்படும் மெல்லிய குழலை உள்ளே நுழைக்கும் முறையைத் தந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததால், 1960களில் பாரிஸில் ரெனே ஜின்ஜியானும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டி கீரோ, டாப்மன் ஆகியோரும் தண்டுவடத்துக்குச் செல்லும் ஒவ்வொரு தமனியையும் தனித்தனியே படமெடுக்க முடிந்தது.

1970களில் சி.டி. ஸ்கேனும் 1980களில் எம்.ஆர்.ஐ.யும் வந்தன. உடலில் ஊசி நுழைக்காமல் தண்டுவடத்தின் உட்புறத்தையே காட்டிய முதல் கருவி எம்.ஆர்.ஐ. இன்று தண்டுவட ரத்தக்குழாய் நோய் என்ற சந்தேகம் எழுந்தால் முதலில் எடுக்கப்படுவது அதுதான்.

எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது?

எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இந்தப் புலத்தில் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அணிவகுக்கின்றன. வானொலி அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது சமிக்ஞை வெளியிடுகின்றன. கணினி அதைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் இல்லை.

படத்தை எடுக்கும் முறையை மாற்றினால் வேறு வேறு விஷயங்கள் தெரியும். டி1 படத்தில் கொழுப்பு வெளுத்தும் நீர் கறுத்தும் தெரியும். டி2 படத்தில் நீர் வெளுத்துத் தெரியும். தண்டுவடம் வீங்கி நீர்கோத்தால் டி2 படத்தில் அதன் நடுவே வெள்ளைப் பட்டை விழும். நீர் மூலக்கூறுகள் நகரும் விதத்தை அளக்கும் டிஃப்யூஷன் படம், ரத்தமின்றித் துவளும் செல்களைச் சீக்கிரமே காட்டும். ரத்தக்கசிவின் இரும்புச்சத்தைக் கறுப்பாகக் காட்ட இன்னொரு வகைப் படம் உண்டு.

ஓடும் ரத்தத்துக்கு மட்டும் ஒரு தனித்தன்மை. வானொலி அலை பட்ட ரத்தம், சமிக்ஞை தருவதற்குள் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுகிறது. அதனால் வேகமாக ரத்தம் ஓடும் குழாய், வெள்ளை நீரின் நடுவே கறுப்பு நெளிவாகத் தெரியும். தண்டுவடத்தின் பின்புறம் இப்படிக் கறுப்புப் புள்ளிகள் சங்கிலிபோலத் தெரிந்தால், அங்கே சிரைகள் வீங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவமும் இதயத் துடிப்புக்கேற்ப அசைவதால் போலிக் கறுப்பு நிழல்கள் விழுவதுண்டு. போலி நிழலின் விளிம்பு மங்கலாக இருக்கும். குழாயின் விளிம்பு கூராக, நெளிந்து இருக்கும். ஐயம் தீராவிட்டால், மிக மெல்லிய துண்டுகளாக எடுக்கப்படும் முப்பரிமாண டி2 படம் சிறு குழாய்களையும் பிரித்துக்காட்டும்.

ரத்தம் நின்றுபோனால்

மூளையில் ரத்தம் அடைபட்டால் பக்கவாதம் வருவதுபோலத் தண்டுவடத்திலும் வரலாம். பக்கவாத நோய்கள் எல்லாவற்றிலும் இது ஏறத்தாழ நூற்றில் ஒன்று. பெருந்தமனி வீக்கம், பெருந்தமனி கிழிதல், அதற்கான அறுவைச் சிகிச்சை, கடுமையான ரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை காரணமாகலாம். சிலருக்குக் காரணமே தெரியாது. திடீரென முதுகில் வலி எடுத்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கால்கள் செயலிழக்கின்றன.

பெரும்பாலும் ரத்தமின்றிப் போவது முன்தமனி கவனிக்கும் பகுதி. அசைவுக்கான பாதையும் வலி, வெப்பம் உணரும் பாதையும் முன்பகுதியில் இருப்பதால் அவை போய்விடுகின்றன. அதிர்வையும் மூட்டின் நிலையையும் உணரும் பாதை பின்பகுதியில் இருப்பதால் தப்பிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு தன் கால் பெருவிரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சரியாகச் சொல்லும் நோயாளிக்கு, அதே காலில் ஊசி குத்தினால் தெரியாது.

எம்.ஆர்.ஐ. படத்தில் நீளவாக்கில் பார்த்தால் தண்டுவடத்தின் முன்பகுதியில் பென்சில்போல வெள்ளைக் கோடு தெரியும். குறுக்குவெட்டில், நடுவிலுள்ள சாம்பல்நிறத் திசுவின் இரு முன்கொம்புகளும் வெளுத்து இரண்டு கண்கள்போலத் தெரியும். படம் பார்க்கும் மருத்துவர்கள் இதற்கு ஆந்தைக்கண் என்று பெயரிட்டிருக்கிறார்கள். தண்டுவடத்துக்கும் அருகிலுள்ள முள்ளெலும்புக்கும் ரத்தம் தருவது ஒரே மூலக்குழாய் என்பதால், பக்கத்து எலும்பிலும் நிறமாற்றம் தெரிந்தால் அது நல்ல துணைச் சான்று. முதல் சில மணி நேரத்தில் படம் இயல்பாகவே இருக்கலாம். அப்படியானால் நோய் இல்லை என்று முடிவுகட்டாமல், ஓரிரு நாள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். முதல் படத்தின் வேறொரு பயன், கட்டியோ ரத்தக்கட்டோ தண்டுவடத்தை அழுத்தவில்லை என்று உறுதிசெய்வது.

ரத்தம் கசிந்தால்

தண்டுவடத்தின் வெளியுறைக்கு வெளியே ரத்தம் தேங்கி அழுத்துவது அவசர நிலை. ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், ரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்களுக்கும், முதுகில் ஊசி அல்லது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கும் இது நேரலாம். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவையெனில் அன்றே அறுவைச் சிகிச்சை செய்தால் கால்கள் மீளும் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. உடனடியாகக் கிடைக்காத இடத்தில் சி.டி. ஸ்கேனிலும் புதிய ரத்தம் வெளுத்துத் தெரியும்.

தண்டுவடத்துக்கு உள்ளேயே கசியும் ரத்தத்துக்குக் கேவர்னோமா ஒரு காரணம். மெல்லிய சுவருள்ள சிறு அறைகள் திராட்சைக் கொத்துப்போலச் சேர்ந்த முடிச்சு அது. எம்.ஆர்.ஐ. படத்தில் பொரிந்த சோளப்பொரியைப்போலக் கலவை நிறத்தில், சுற்றிலும் கறுப்பு வளையத்துடன் தெரியும். பழைய கசிவின் இரும்புச்சத்து படிந்ததால் வரும் கறுப்பு அது. கேவர்னோமாவில் ரத்தம் மிக மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் அது பெரும்பாலும் தெரியாது. ரத்தக்குழாய் நோயைக் காட்டுவதற்கென்றே உள்ள பரிசோதனைக்குத் தெரியாததை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும் இடம் இது.

தவறான இணைப்பு

தமனியில் ரத்தம் அதிக அழுத்தத்தில் ஓடுகிறது. சிரையில் குறைந்த அழுத்தத்தில். இரண்டுக்கும் நடுவே நுண்குழாய்கள் நின்று அழுத்தத்தைக் குறைக்கின்றன. அந்த இடைநிலை இல்லாமல் தமனி நேரே சிரையில் திறந்தால் அது ஃபிஸ்டுலா. தண்டுவடத்தில் இவ்வகைத் தவறான இணைப்புகளில் மிக அதிகமாகக் காணப்படுவது, நரம்பு வேர் வெளியேறும் இடத்தில் வெளியுறையில் ஏற்படும் ஃபிஸ்டுலா. மருத்துவர்கள் இதை டூரல் ஃபிஸ்டுலா என்பார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஐந்து நோயாளிகளில் நால்வர் ஆண்கள். பெரும்பாலோர் 50 வயதைக் கடந்தவர்கள்.

வாய்க்காலில் வரும் நீரை வடிகாலிலேயே திருப்பிவிட்டால் வயலிலிருந்து நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, பயிர் அழுகும். இங்கே நடப்பதும் அதுதான். தமனியின் ரத்தம் சிரைக்குள் எதிர்த்திசையில் புகுந்து நிரம்ப, தண்டுவடத்தின் ரத்தம் வெளியேற முடியாமல் நிற்கிறது. திசு வீங்குகிறது, மெல்லச் செயலிழக்கிறது. நடக்கும்போது கால் தளர்வதும், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாவதும் ஆரம்ப அறிகுறிகள். பிறகு மரத்துப்போதலும் சிறுநீர்த் தொல்லையும் சேர்கின்றன.

இந்த நோயைப் புரிந்துகொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. 1926இல் பிரான்ஸில் ஃபுவா, அலாஜுவானின் இருவரும் தண்டுவடம் மெல்ல அழிந்த நோயாளிகளை விவரித்தனர். அவர்களின் சிரைகள் தடித்துப் பெருத்திருந்தன. நோய் அந்தச் சிரைகளிலேயே இருக்கிறது என்ற எண்ணத்தில், பின்னாளில் தண்டுவடத்தின் பின்புறச் சிரைகளை உரித்தெடுக்கும் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 1974இல் லண்டனில் அமினாஃப், லோக் இருவரும் நோயின் போக்கைக் கணக்கிட்டனர். நடை பாதிக்கத் தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் கடுமையாக முடங்கியிருந்தார்கள். 1977இல் கெண்டால், லோக் இருவரும் ஆஞ்சியோகிராம் படங்களை வைத்து, குறை சிரையில் இல்லை, வெளியுறையிலுள்ள சிறு இணைப்பில்தான் இருக்கிறது என்று காட்டினர். சிரைகளைத் தொடாமல் அந்த ஓர் இணைப்பைத் துண்டித்தால் போதும் என்பது அதிலிருந்து தெளிவானது.

படத்தில் இந்த நோய்க்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, தண்டுவடத்தின் நடுவே பல முள்ளெலும்பு நீளத்துக்குப் பரவிய டி2 வெண்மை. அது பெரும்பாலும் கீழ்முனைக் கூம்பையும் எட்டியிருக்கும். மற்றொன்று, பின்புறத்தில் நெளியும் கறுப்புச் சிரைகள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். சிரைகள் தெளிவாகத் தெரியாதபோது நோய் எளிதில் தவறவிடப்படுகிறது.

தவறவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கால் தளர்ச்சி என்று வருபவருக்கு இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். 50 வயதைக் கடந்தவர்களில் பலருக்கு டிஸ்க் தேய்மானம் எப்படியும் தெரியும்; காரணம் அதுதான் என்று முடிவாகிவிடும். தண்டுவடத்தின் கூம்பு அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தும் யாரும் கவனிக்காமல் போகலாம். நோயாளிக்கு டிஸ்க் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகும் கால் மோசமாகிக்கொண்டே போகும். வெண்மையைக் கவனித்தவர்கள் அதைத் தண்டுவட அழற்சி என்று எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் ஏற்றினால், சில நோயாளிகளுக்குச் சில மணி நேரத்திலேயே கால்கள் மேலும் செயலிழக்கும். அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்படுவதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆவது சாதாரணம்.

பிறவியிலேயே வருபவை

தண்டுவடத்துக்குள்ளேயே தமனிகளும் சிரைகளும் சிக்குண்டு முடிச்சாகிக் கிடப்பது ஏ.வி.எம். இது சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வருவது அதிகம். ரத்த ஓட்டம் வேகமாக இருப்பதால் கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடுதல். முதுகில் கத்தி பாய்ந்தாற்போலத் திடீர் வலியோடு நோய் வெளிப்படலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்துக்குள் கறுப்புக் குழாய்களின் கூட்டமும் பழைய ரத்தத்தின் சுவடும் தெரியும். தண்டுவடத்தின் பரப்பில் தமனியும் சிரையும் நேரே இணையும் ஃபிஸ்டுலாக்கள் வேறொரு வகை. சிலவற்றில் சிரை பலூன்போல ஊதிப்போயிருக்கும்.

அரிதாகச் சிலருக்கு, ஒரே மட்டத்தில் தோல், தசை, எலும்பு, தண்டுவடம் எல்லாவற்றிலும் குழாய்க் கோளாறு இருக்கும். 1915இல் ஸ்டான்லி காப் இதை விவரித்ததால் காப் நோய்த்தொகுதி என்று பெயர். முதுகின் தோலில் செந்நிற மச்சம் இருப்பது அங்கே உள்ளே தேடச் சொல்லும் குறி.

இணைப்பின் இடம்

எம்.ஆர்.ஐ. நோய் இருப்பதைச் சொல்லும். டூரல் ஃபிஸ்டுலாவின் இணைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பல நேரம் சொல்லாது. வெண்மை தெரிவது கூம்பின் அருகே. இணைப்பு மார்பின் நடுவிலோ, இடுப்பின் அடியிலோ, சிலருக்கு மண்டையோட்டுக்குள்ளேயோ இருக்கலாம். தாழ்ந்த வயலில் நீர் தேங்கியிருக்கும், மடை உடைந்தது எங்கோ மேலே இருக்கும். நீர் நிற்கும் வயலை வெட்டிப் பார்த்துப் பயனில்லை.

இடத்தைக் குறுக்கிச் சொல்ல எம்.ஆர். ஆஞ்சியோகிராம் உதவுகிறது. கைச் சிரையில் காடோலினியம் மருந்தைச் செலுத்திச் சில நொடிக்கு ஒரு படமாகத் தொடர்ந்து எடுப்பார்கள். இயல்பாகத் தமனிகள் நிரம்பிய பின்புதான் சிரைகள் நிரம்பவேண்டும். தண்டுவடச் சிரை முன்கூட்டியே வெளுத்தால் அதைத் தொட்டு மேலும் கீழும் தேடி இணைப்பின் மட்டத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம். சி.டி. ஆஞ்சியோகிராம் இதே வேலையை அயோடின் சாயம் கொண்டு செய்கிறது. பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்யுமுன் ஆடம்கீவிச் தமனி எங்கே என்று அறிய இரண்டையும் பயன்படுத்துவதுண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் காடோலினியமும் அயோடின் சாயமும் தருமுன் யோசிக்கவேண்டும்; ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது இதற்காகத்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு அதன் வகையை அறிந்த பிறகே எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும்.

கதீட்டர் ஆஞ்சியோகிராம்

இறுதித் தீர்ப்பு கதீட்டர் ஆஞ்சியோகிராமுக்கே. பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகக் கதீட்டரை நுழைத்துப் பெருந்தமனிக்குக் கொண்டுசென்று, அதன் சுவரிலுள்ள ஒவ்வொரு கிளையின் வாயிலும் முனையை வைத்துச் சிறிது சாயம் செலுத்துவார்கள். சாயம் வருமுன் எடுத்த படத்தைக் கணினி கழித்துவிடுவதால் எலும்பு மறைந்து குழாய்கள் மட்டும் மிஞ்சும். டி.எஸ்.ஏ. என்ற பெயர் அந்தக் கழித்தலைக் குறிப்பதே.

மூளைக்கான ஆஞ்சியோகிராமில் நான்கைந்து குழாய்களைப் பார்த்தால் வேலை முடியும். தண்டுவடத்துக்கு முழுமையாகப் பார்க்கவேண்டுமானால் 30க்கும் மேற்பட்டவை: கழுத்துத் தமனிகள், விலாத் தமனிகள் இடமும் வலமும், இடுப்புத் தமனிகள், அடிமுதுகுத் தமனிகள். ஒன்றை விட்டுவிட்டால் ஃபிஸ்டுலா அந்த ஒன்றிலேயே இருந்துவிடக்கூடும். ஒரு பெரியவருக்கு மணிக்கணக்கில் ஆகலாம். மூச்சு விட்டாலும் குடல் அசைந்தாலும் படம் கலங்கும். அதனால் பல மருத்துவமனைகளில் மயக்கமருந்து கொடுத்தே செய்கிறார்கள். எம்.ஆர். ஆஞ்சியோகிராம் முன்பே மட்டத்தைச் சொல்லியிருந்தால் சாயத்தின் அளவும் கதிர்வீச்சும் நேரமும் பெரிதும் குறையும்.

சாயம் செலுத்தியபின் படம் எடுப்பதைச் சீக்கிரம் நிறுத்திவிடக்கூடாது. ஆடம்கீவிச் தமனியில் சாயம் செலுத்திப் பதினைந்து இருபது நொடி காத்திருந்தால், இயல்பான தண்டுவடத்தில் சிரைகள் மெல்லத் தெரியும். அவை தெரியாவிட்டால் சிரைகளில் அழுத்தம் அதிகம் என்று பொருள். ஃபிஸ்டுலா வேறெங்கோ இருக்கிறது, தேடலைத் தொடர வேண்டும்.

தொடையில் ரத்தம் கட்டுதல், சாயத்துக்கு ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம். தண்டுவடத்துக்கு நிலையான சேதம் நேர்வது அனுபவமுள்ள கைகளில் மிக அரிது.

படத்தைத் தொடர்ந்து சிகிச்சை

1968இல் டாப்மன், டி கீரோ, ஓமாயா மூவரும் கதீட்டர் வழியாகவே தண்டுவடத்தின் ஏ.வி.எம். ஒன்றை அடைத்ததாக எழுதினர். இன்று டூரல் ஃபிஸ்டுலா கண்டறியப்பட்ட அறையிலேயே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்கதீட்டர் மூலம் பசைபோன்ற மருந்தைச் செலுத்தி அடைக்கலாம். பசை தமனியில் மட்டும் நின்றால் போதாது. இணைப்பைத் தாண்டிச் சிரையின் தொடக்கம்வரை போகவேண்டும்; இல்லையெனில் வேறு தமனி வழியாக இணைப்பு மீண்டும் திறந்துகொள்ளும். அதே கிளையிலிருந்து தண்டுவட முன்தமனிக்கும் ரத்தம் போவது படத்தில் தெரிந்தால் பசையைத் தொடக்கூடாது. அப்போது அறுவைச் சிகிச்சையே பாதுகாப்பானது. முதுகெலும்பைச் சிறிது திறந்து, வெளியுறையைப் பிரித்து, உள்ளே நுழையும் அந்த ஒற்றைச் சிரையைத் துண்டிப்பார்கள். அறுவைச் சிகிச்சையின்போது இண்டோசயனைன் கிரீன் என்ற மருந்தைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் இணைப்பு அடைபட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏ.வி.எம். நோயாளிகளுக்கு முடிவெடுப்பது கடினம். முடிச்சு தண்டுவடத்துக்குள் இருப்பதால் முழுவதையும் அகற்றுவது எப்போதும் சாத்தியமில்லை. ரத்தம் கசிந்த பகுதியை மட்டும் அடைப்பது, மீதியைப் படங்கள் மூலம் கண்காணிப்பது என்று பல நேரம் அமைகிறது.

பயப்பட வேண்டாத படம்

முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஹீமாஞ்சியோமா என்ற சொல்லைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. முள்ளெலும்புக்குள் சிறு ரத்தக்குழாய்கள் கூடியிருக்கும் தீங்கற்ற மாற்றம் இது. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கும். சி.டி. படத்தில் எலும்பின் குறுக்குவெட்டில் கோலப்புள்ளிகள் வைத்தாற்போலத் தெரியும். எக்ஸ்ரேயில் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. எலும்பைத் தாண்டித் தண்டுவடத்தை அழுத்தும் மிகச் சிலவற்றுக்கு மட்டுமே சிகிச்சை.

சிகிச்சைக்குப் பின்

ஃபிஸ்டுலாவை அடைத்த சில மாதங்களில் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பின்புறச் சிரைகள் சுருங்கி, டி2 வெண்மை குறைந்திருந்தால் நல்ல அறிகுறி. வெண்மை முழுவதும் மறையாமல் இருந்தாலும் நோயாளி நன்றாக நடக்கலாம்; படமும் நோயாளியின் நிலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நின்றுவிட்ட கால் தளர்ச்சி மீண்டும் தொடங்கினாலோ, சிரைகள் மறுபடி வீங்கினாலோ கதீட்டர் ஆஞ்சியோகிராம் மறுபடி தேவைப்படும்.

கால் பலம் பெரும்பாலும் மீள்கிறது, அல்லது மோசமாவதாவது நிற்கிறது. சிறுநீர், மலக் கட்டுப்பாடு அந்த அளவுக்கு மீள்வதில்லை. எவ்வளவு மீளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, சிகிச்சை நாளன்று நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்பதுதான். தடியூன்றி நடந்துவந்தவர் தடியைக் கீழே வைக்கலாம். படுத்த நிலையில் வந்தவர் எழுந்து நடப்பது கடினம். இடுப்புப் பகுதிப் படத்தின் மேல் ஓரத்தில் தெரியும் சிறு வெண்மையை முதல் நாளே கவனிப்பதும், ஓர் ஆண்டு கழித்துக் கவனிப்பதும் அதனால்தான் ஒன்றாகாது.